கோத்தகிரியில் ஐந்து நாள், ஒரு டிபன் பாக்ஸ் மண்

நவம்பர் 8, மேட்டுப்பாளையம் – குன்னூர்

அத்தான் கோத்தகிரிக்குப் பக்கத்தில் 6 சென்ட் நிலம் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. "வீடு கட்ட மண்ணை வெட்டியாச்சு மாப்ளே, அஸ்திவாரம் போடுறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போ" என்று ஆறு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வேலையே மண்தான். சென்னையில் கட்டடங்களுக்கு மண் பரிசோதனை செய்து ரிப்போர்ட் எழுதுகிறேன். ஆனால் என் வேலை முழுக்கச் சமவெளியில், களிமண்ணிலும் ஆற்று மணலிலும். மலைச் சரிவைப் படித்திருக்கிறேன், கணக்குப் போட்டிருக்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்தது குறைவு.

கோத்தகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நேர்ப் பாதை இருக்கிறது. மரப்பாலத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் குன்னூர் பஸ்ஸில் ஏறினேன். 1993 நவம்பர் 11 அன்று மலை இறங்கி வந்து சாலை, ரயில்பாதை, பஸ் எல்லாவற்றையும் கொண்டுபோன இடம் அது. கல்லாற்றில் சோதனைக்காக நிறுத்தினார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் கூடாது என்பது தெரியும், ஆனால் மண் மாதிரி போட நான் வைத்திருந்த பாலிதீன் பைகளும் அதில் வரும் என்று யோசிக்கவில்லை. அந்த அம்மா மரியாதையாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். மண்ணின் ஈரம் போகாமல் கொண்டுவர வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று.

பர்லியார் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. மேலே மண் விழுந்திருக்கிறதாம். மூன்றரை மணி நேரம். இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். இரண்டு லாரி லோடு இருக்கும், செம்மண், நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் உருண்டைப் பாறை, ஒரு சில்வர் ஓக் மரம் விழாமல் நின்றபடியே வழுக்கி வந்து சாலை நடுவில் நின்றது. இந்த மலையின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கடினமான கருங்கல் வகை. லட்சக்கணக்கான வருஷ மழையில் அது மக்கி மேலே செம்மண், அதற்குக் கீழே வெள்ளையும் மஞ்சளுமாக வழவழப்பான களி, நடுநடுவே மக்காமல் தப்பிய உருண்டைப் பாறைகள் என்று ஆகியிருக்கிறது. வெட்டிய இடமெல்லாம் கேக் மாதிரி இந்த அடுக்கு தெரியும்.

என்னை யோசிக்க வைத்தது அன்று வெயில் அடித்ததுதான். மழை முந்தின நாளே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், காட்டேரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவராம், "மழை பெய்யுறப்போ பாதி வரும், நின்ன அப்புறம் மீதி வரும். உள்ள போன தண்ணி கீழ இறங்க நேரம் ஆகும்ல" என்றார். நுண்துளை நீரழுத்தம், அதாவது மண் துகள்களின் இடுக்கில் நிறையும் தண்ணீரின் அழுத்தம், ஆழத்தில் உச்சத்துக்குப் போக நேரம் பிடிக்கும் என்று நாங்கள் நான்கு பக்கம் எழுதுவது இதைத்தான்.

பஸ்ஸில் பின் சீட்டு அக்கா எலுமிச்சை சாதத்தை இலையில் வைத்து எனக்கும் கொடுத்தார். வேண்டாம் என்றதற்கு, "ரோடு எப்ப திறக்கும்னு யாருக்குத் தெரியும், சாப்பிடு தம்பி" என்றார். கண்டக்டர் யாரும் கேட்காமலே கீழே போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். டீ 15 ரூபாய். வழி திறந்து மரப்பாலத்தைக் கடக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. எதையும் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 9, கோத்தகிரி

காலையில் நல்ல குளிர், 13 டிகிரி. லாட்ஜுக்கு எதிர்க்கடையில் இட்லி, தேங்காய்ச் சட்னி, ஒரு வடை, 60 ரூபாய். போகிற வழியில் பாத்திரக் கடையில் மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று வாங்கினேன், 480 ரூபாய். மண்ணுக்கு.

அத்தானின் மனை நல்ல இடம். முன்னால் பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. சரிவு 35 டிகிரி இருக்கும், போனில் அளந்தேன். வீட்டுக்குச் சமதளம் வேண்டும் என்று சரிவைக் குடைந்து செங்குத்தாக வெட்டியிருக்கிறார், உயரம் 13 அடி. இங்கே பொக்லைன் இறக்க அனுமதி வேண்டும் என்பதால் ஆள் வைத்து வெட்டியிருக்கிறார். வெட்டியது மார்ச் மாதம். "எட்டு மாசமா ஒரு கல்லு விழலை மாப்ளே, பாறை மாதிரி நிக்குது" என்று சுவரைத் தட்டிக் காட்டினார். உண்மைதான், நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்ததே தவிர கட்டி விழவில்லை.

இதைத்தான் நான் எழுத வேண்டும் என்று வந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ஈர மணலில் பிள்ளைகள் வீடு கட்டினால் நிற்கும், காய்ந்த மணலில் நிற்காது, தண்ணீர் ஊற்றினால் கரையும். நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச ஈரம் மண் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. வெயில் காலத்தில் வெட்டிய செம்மண் நிற்பது பெரும்பாலும் அந்த இழுப்பால்தான். மழை இறங்கி மண் நிறைந்ததும் இழுப்பு போய்விடும், மண்ணுக்கென்று சொந்தமாக இருக்கும் ஒட்டுத்தன்மை மட்டும் மிஞ்சும்.

சமதளத்தில் உட்கார்ந்து நோட்டில் போட்டுக் காட்டினேன். உராய்வுக் கோணம் (துகளோடு துகள் உரசிப் பிடிப்பதன் அளவு) 32 டிகிரி, எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், சொந்த ஒட்டு 5 கிலோபாஸ்கல், ஈர இழுப்பால் கூடுதலாக 8 என்று வைத்தேன். இப்படிப்பட்ட மண்ணுக்கு அநியாயமில்லாத எண்கள். ஒட்டு 13 ஆக இருக்கும்போது செங்குத்து வெட்டு 5.2 மீட்டர் வரை, அதாவது 17 அடி நிற்கும். ஒட்டு 5 ஆக இறங்கினால் 2 மீட்டர்தான், ஆறரை அடி. அத்தானின் வெட்டு 13 அடி. மார்ச்சில் அது நின்றதும் நியாயம், நல்ல மழையில் விழுந்தால் அதுவும் நியாயம். எட்டு மாதம் நின்றது எதற்கும் சாட்சி இல்லை. தென்மேற்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் குறைவு, இங்கே கனமாகப் பெய்வது வடகிழக்கில்தான். அந்த வெட்டு இன்னும் தன் முதல் பெருமழையையே பார்க்கவில்லை.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. நான் அடுத்த கேள்வி கேட்டேன், "வெட்டின மண்ணு எங்க அத்தான்?"

கீழே காட்டினார். மனையின் ஓரத்தில் சரிவின் விளிம்பிலேயே கொட்டிப் பரப்பியிருந்தார்கள். இருபது லோடாவது இருக்கும், மிதித்துக்கூட இறுக்கவில்லை. மேலே புல் முளைத்து இயற்கையான மேடு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு நேர் கீழே ஒரு கல் தடுப்புச் சுவர், அதை ஒட்டி ஓட்டு வீடு, வெள்ளைத் துணி தலையில் கட்டிய ஒரு படுகர் பாட்டி வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சரிவின் தலையில் பாரம் ஏற்றக் கூடாது, காலடியைத் தோண்டக் கூடாது. இந்தத் துறையில் முதல் வகுப்பில் சொல்லித்தருவது இது. இங்கே இரண்டுமே நடந்திருக்கிறது, வேறு வேறு வீட்டுக்கு.

கீழே இறங்கிப் பாட்டியிடம் பேசினேன். கருப்பட்டி போட்ட காப்பி கொடுத்தார். வீட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்றதற்கு, "பின் கதவு ஐப்பசி பிறந்ததுலேர்ந்து சாத்த மாட்டேங்குது தம்பி, மரம் ஊறிடுச்சுன்னு ஆசாரி செதுக்கினான், மறுபடியும் இடிக்குது" என்றார். வாசல்பக்கக் கதவு அதே மரம்தான், அது நன்றாகவே சாத்துகிறது. பின்சுவரில் விரல் நுழைகிற அளவு ஒரு விரிசல், சாய்வாக. வேறு என்ன பாட்டி என்றேன். "ஊத்துத் தண்ணி தெளிவா இருக்கிற வரைக்கும் பயமில்லை. கலங்கினா கிளம்பிடணும்னு எங்க மாமியார் சொல்லுவாங்க" என்றார். கணக்கில் இதைவிட நல்ல எச்சரிக்கைக் கருவி எனக்குத் தெரியாது. நீர் கலங்குகிறது என்றால் உள்ளே மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள்.

வெட்டின் அடியிலிருந்தும் கொட்டிய மண்ணிலிருந்தும் மாதிரி எடுத்து டிபன் பாக்ஸில் அடைத்து, மூடி இடுக்கில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன்.

நவம்பர் 10, கேத்தி, அச்சனக்கல்

காலையில் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அறையைக் கூட்ட வந்த பையன் டிபன் பாக்ஸைத் திறந்து, மண்ணாக இருக்கிறதே என்று தோட்டத்தில் கொட்டிக் கழுவித் துடைத்து வைத்துவிட்டான். பளபளவென்று இருந்தது. நல்ல எண்ணத்தில் செய்தவனை என்ன சொல்வது. மறுபடியும் எடுக்க வேண்டும்.

இன்றைய தேதிக்காகவே கேத்திக்குப் போனேன். 2009 நவம்பர் 10 காலை வரையிலான 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 140. அந்த இரண்டு மூன்று நாளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணில் போனார்கள், அச்சனக்கல்லில் வீட்டோடு போனார்கள். இப்போது பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்டும் பீட்ரூட்டும், படிக்கட்டு படிக்கட்டாக. கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் படிகள் மேலிருந்து கீழாக வரப்பு போட்டிருந்தால் தண்ணீர் ஓடிவிடும், குறுக்கே போட்டிருந்தால் தேங்கி உள்ளே இறங்கும். உள்ளே இறங்கினால் சரிவுக்கு ஆகாது, ஓடினால் மேல்மண் போகும். விவசாயிக்கு இரண்டு பக்கமும் இடி. நான் பேசிய ஒருவர், "எங்களுக்கு வெள்ளாமைதான் சோறு, அதை விட்டுட்டு எங்க போறது" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. குடை முதல் காற்றிலேயே திரும்பி உடைந்தது. டீக்கடையில் ஒதுங்கினேன். வர்க்கி கால் கிலோ 60 ரூபாய், சூடாக இருந்தது. பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் ஒரு தம்பியும் ஒதுங்கியிருந்தான். என் நோட்டைப் பார்த்துவிட்டு, "சார், ஸ்லைஸ் மெத்தட் எங்களுக்கு அரியர்" என்றான். சரி என்று கடையில் ஒரு முழு பிரெட் வாங்கினேன்.

சரிவை வில்லை வில்லையாக அறுத்ததாக நினைத்துக்கொள். வழுக்கும் பரப்பு கிண்ணத்தின் அடி மாதிரி ஒரு வட்டத்துண்டு. ஒவ்வொரு வில்லையும் தன் எடையால் கீழே இழுக்கிறது, தன் அடியில் உராய்வாலும் ஒட்டாலும் பிடித்துக்கொள்கிறது. பிடிப்பை எல்லாம் கூட்டி இழுப்பின் கூட்டலால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி. ஒன்றுக்குக் கீழே போனால் மண் சரிந்துவிடும். 1916இல் ஸ்வீடனில் கோதன்பர்க் துறைமுகத்தின் கரை வழுக்கி விழுந்தபோது பரப்பு வட்டமாக இருந்ததை அங்கிருந்த பொறியாளர்கள் கவனித்தார்கள், ஃபெலினியஸ் என்ற ஸ்வீடன் பொறியாளர் அதைக் கணக்காக வளர்த்தார், 1955இல் பிஷப் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் அதைத் திருத்திக் கொடுத்தார். இன்றைக்குக் கம்ப்யூட்டர் செய்வது ஆயிரக்கணக்கான வட்டம் போட்டு எதில் காரணி குறைவோ அதைத் தேடுவது. இவ்வளவும் சொல்லிவிட்டு நான் பிரெட்டின் அடியில் டீயை ஊற்றினேன். "தண்ணி கீழேருந்து தூக்குது. எடை அப்படியே இருக்கு, அடியில அழுத்தம் குறையுது, அழுத்தம் இல்லாம உராய்வு ஏது?" அவன் ரொம்ப நேரம் அந்தத் தட்டையே பார்த்தான். கடைக்காரர் பிரெட்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், டீக்கு வாங்கவில்லை.

ராத்திரி பாட்டி வீட்டு மேல் சரிவுக்கும் கணக்குப் போட்டேன். 35 டிகிரி, 3 மீட்டர் ஆழத்தில் வழுக்குவதாக வைத்தால், காய்ந்த காலத்தில் காரணி 1.4. ஈர இழுப்பு போனதும் 1.09. தண்ணீர் பாதி ஆழம் வரை ஏறினால் 0.85. முழுக்க நிறைந்தால் 0.60. அதே மண், அதே சரிவுதான். புத்தகத்தில் பாதுகாப்புக் காரணி என்று ஓர் எண்ணை எழுதிக் கோடு போட்டுவிடுகிறோம், ஆனால் அது மணிக்கு மணி மாறுகிற எண். இருபது வருஷ வேலையில் இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கதவை இடித்து இடித்துச் சாத்திப் பார்த்த பிறகு இந்த நான்கு எண்ணும் வேறு மாதிரி தெரிந்தன.

அத்தானுக்குப் போன் செய்து கொட்டிய மண்ணை எடுக்க வேண்டும், வீட்டை இந்த மழைக்கு நினைக்கவே கூடாது, பாட்டி அங்கே தூங்கக் கூடாது என்று சொன்னேன். வெட்டுக்கு மட்டும் 2,80,000 செலவு செய்திருக்கிறார். "மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லலியே மாப்ளே" என்றார். அப்புறம் வைத்துவிட்டார். தூக்கம் வரவில்லை.

நவம்பர் 11, கோத்தகிரி

ஏழு மணிக்கு மனைக்குப் போனால் அத்தான் எனக்கு முன்னால் நிற்கிறார், மண்வெட்டி, சாந்துச் சட்டியோடு ஆறு ஆட்கள். ஆளுக்கு 900 ரூபாய். "நம்ம மண்ணு அந்தம்மா தலையில இருக்கக் கூடாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதையை இங்கே எழுதத் தெரியவில்லை.

மேலிருந்து தொடங்கி மண்ணை அள்ளி சாலைக்குக் கொண்டுபோய் லாரியில் ஏற்றினார்கள். வெட்டின் மேல் விளிம்புக்கு ஆறடி தள்ளி ஓர் அடி ஆழக் கால்வாய் எடுத்து, மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினோம். வெட்டு முகத்தைத் தார்ப்பாயால் மூடினோம். பிறகு வெட்டைச் செங்குத்தாக வைக்காமல் இரண்டு படியாகச் சாய்க்க வேண்டும், அடியில் வடிகாலோடு சுவர் வேண்டும், சரிவில் வெட்டிவேர் வைக்க வேண்டும். அதெல்லாம் தை மாதத்துக்கு மேல்.

நான் பாட்டி வீட்டுச் சுவரைப் பார்த்தேன். நல்ல கல் சுவர், கட்டியவன் தண்ணீர் வடிய ஆறு ஓட்டை விட்டுத்தான் கட்டியிருக்கிறான். யாரோ பண்டிகைக்கு வெள்ளையடிக்கும்போது ஆறையும் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்று. தடுப்புச் சுவர் மண்ணைத் தாங்கும், பின்னால் தேங்கும் தண்ணீரையும் சேர்த்துத் தாங்கு என்றால் தாங்காது. சுத்தியும் கம்பியும் வாங்கி நானே உடைத்தேன். ஐந்தில் ஈரக் களிதான் வந்தது. ஆறாவதில் கம்பியை உருவியதும் தண்ணீர் பீய்ச்சி என் சட்டையெல்லாம் சேறு. முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. பாட்டி வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணியா என் வீட்டுக்குப் பின்னால இருந்துச்சு" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மதியம் எல்லாருக்கும் ராகிக் களியும் அவரைக் குழம்பும் போட்டார். மண்ணைக் கொட்டியவர் வீட்டு ஆள் நான் என்று தெரிந்தும் எனக்கு இரண்டாவது உருண்டை வைத்தார். அதன்பிறகு நிறையச் சொல்லித்தான் கட்டபெட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகச் சம்மதித்தார், மழை விடும் வரைக்கும் மட்டும், பசு மாட்டையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்ற நிபந்தனையோடு.

நவம்பர் 12, கோடப்பமந்து, ஊட்டி, இறக்கம்

ஊட்டி போகும் வழியில் கோடப்பமந்துப் பக்கம் மண் ஆணி அடித்த சரிவைப் பார்த்தேன். சரிவில் துளை போட்டு இரும்புக் கம்பியைச் செருகி சிமெண்ட் பால் ஊற்றி இறுக்கி, முகத்தில் கம்பி வலை விரித்து, மேலே புல் விதை தெளித்து வளர்ப்பது. வழுக்கும் பரப்பைத் தாண்டிக் கம்பி உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட் சுவர் மாதிரி மலையை மூச்சுத் திணற அடைக்காமல் பச்சையாக இருக்கிறது, எனக்குப் பிடித்தது. ஆனால் ஆறு சென்ட் வீட்டுக்காரர் யாரும் இதைச் செய்ய முடியாது. அவர்கள் கையில் இருப்பது மண்வெட்டி, கால்வாய், சுவரில் ஓட்டை, இவ்வளவுதான். அதைச் சரியாகச் செய்தாலே பாதிக்கு மேல் தப்பிக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

ஊட்டி மார்க்கெட்டில் கேரட் கிலோ 50. அக்காவுக்கு மூன்று கிலோ வாங்கினேன். இறங்கும்போது மடியில் டிபன் பாக்ஸ், மறுபடி எடுத்த மண்ணோடு. இந்த முறை மூடியில் 'உணவு அல்ல, திறக்காதீர்கள்' என்று பேப்பர் ஒட்டியிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் படித்துவிட்டு மருந்தா என்று கேட்டார். மண் என்றேன். கோவில் மண்ணா என்றார். ஒரு பாட்டி வீட்டுக்கு மேல் இருந்த மண் என்று முழுக்கதையும் சொன்னேன், கல்லாறு வந்ததே தெரியவில்லை.

நவம்பர் 16, சென்னை

இரவு 11.40க்கு அத்தான் போன். கோத்தகிரியில் சாயங்காலத்திலிருந்து நல்ல மழையாம். குடையோடு பாட்டி வீட்டுக் கொல்லையில், டார்ச் வெளிச்சத்தில் நிற்கிறார், பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. வீட்டில் யாரும் இல்லை, பாட்டி கட்டபெட்டில்தான் இருக்கிறார். அங்கே நிற்காதீர்கள் என்று கத்தினேன்.

"இரு மாப்ளே, ஒரு நிமிஷம். ஆறு ஓட்டையிலயும் தண்ணி வருது."

"என்ன கலர் அத்தான்?"

"முதல்ல செம்மண்ணா வந்துச்சு. இப்ப..." டார்ச்சைக் கிட்டே பிடிக்கிறார் போல. "இப்ப தெளிவா வருது."